‘சபேர்’: ஸ்பானிய மக்களறிவுச் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போன வரலாறு

ஸ்பானிய மொழியில் ‘சபேர்’ என்பது தெரிந்திருத்தலைக் குறிக்கும் வினைச்சொல். அதுவே பெயர்ச்சொல்லாக நின்று அறிவு என்ற பொருளையும் தரும். பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் இருப்பதும் சபேர்தான். மழை எப்போது வரும் என்று மேகத்தைப் பார்த்துச் சொல்லும் ஆட்டிடையரிடம் இருப்பதும் சபேர்தான். ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகச் சுமக்கும் பெயர்ச்சொல் இல்லை. ‘நாலெட்ஜ்’ என்றால் கற்றறிந்த அறிவு. ‘விஸ்டம்’ என்றால் வயதும் பட்டறிவும் தந்த முதிர்ச்சி. ‘லோர்’ என்றால் தலைமுறை வழியாக வாய்மொழியில் வந்த செய்தி. மொழிபெயர்ப்பவர் மூன்றில் ஒன்றை எடுத்தாக வேண்டும். எடுத்த உடனேயே, அந்த அறிவுக்கு உரியவர் படித்தவரா, பெரியவரா, பட்டிக்காட்டாரா என்பதும் முடிவாகிவிடுகிறது. ஸ்பானிய நாட்டார் வழக்காறுகள் ஆங்கிலத்துக்குச் சென்ற நானூறு ஆண்டு வரலாற்றில் இந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது.

சொல்லின் வேரையும் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘சாப்பெரே’ என்றால் சுவைத்தல். அறிவுடையவராக இருத்தல் என்பது அதன் இன்னொரு பொருள். ஸ்பானியத்தில் இரண்டு பொருளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. உப்புச் சுவை தெரிகிறது என்பதற்கும், நீந்தத் தெரியும் என்பதற்கும் வருவது ஒரே வினை. ஓர் ஆளையோ ஊரையோ பழகித் தெரிந்துகொள்வதற்கு மட்டும் ‘கோனோசேர்’ என்ற வேறு வினை உண்டு. ஆங்கிலேயர் இரண்டுக்கும் ‘நோ’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டார்கள். ‘சபேர்’ ஆங்கிலத்துக்குள் நேராக நுழைந்த ஒரே இடம் ‘சாவி’ என்ற பேச்சுவழக்குச் சொல். ‘தெரியுமா?’ என்று பொருள்படும் ‘சாபே’ என்ற ஸ்பானிய, போர்த்துக்கீசிய வடிவம் கடலோரக் கலப்புமொழிகளில் தேய்ந்து அப்படி ஆயிற்று. இன்று அது சந்தை நெளிவுசுளிவு தெரிந்த ஆளைக் குறிக்கிறது.

அரசர் அல்ஃபோன்சோவின் பட்டப்பெயர்

1252 முதல் 1284 வரை காஸ்டில் நாட்டை ஆண்டவர் பத்தாம் அல்ஃபோன்சோ. அவருடைய பட்டப்பெயர் ‘எல் சாபியோ’. இதுவும் சபேரோடு உறவுடைய சொல்தான். ஆங்கில நூல்கள் பலவற்றில் இவர் ‘அல்ஃபோன்சோ தி வைஸ்’, அதாவது விவேகி அல்ஃபோன்சோ.

அவருடைய வரலாற்றைப் படிக்கும் மாணவர் இந்த இடத்தில் திகைப்பார். அரசியலில் அவர் எடுத்த காரியங்கள் பல கைகூடவில்லை. புனித ரோமப் பேரரசர் பதவிக்கு ஆசைப்பட்டுப் பல ஆண்டுகளையும் பெரும் பணத்தையும் செலவழித்தார், பதவி கிடைக்கவில்லை. 1282இல் சொந்த மகன் சாஞ்சோவே எதிர்த்து எழுந்தான். இவருக்கு யார் விவேகி என்று பெயர் வைத்தார்கள்?

விடை எளிது. ‘சாபியோ’ என்பதற்கு இங்கே கற்றவர் என்று பொருள். அவருடைய அவையில் யூத, கிறித்தவ அறிஞர்கள் அரபு நூல்களைக் காஸ்டிலிய மொழிக்குக் கொண்டுவந்தார்கள். அல்ஃபோன்சோவின் வானியல் அட்டவணைகள் ஐரோப்பாவில் பல தலைமுறைக்குப் பயன்பட்டன. அவர் இளவரசராக இருந்தபோது, 1251இல், ‘கலீலா இ திம்னா’ அரபிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. நம் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் போய், அரபுக்குப் போய், அங்கிருந்து ஸ்பெயினில் இறங்கிய வடிவம் அது. ஆங்கில நூலாசிரியர்கள் சிலர் பிற்காலத்தில் ‘தி லேர்னட்’ என்று மாற்றி எழுதினார்கள். அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆயினும் பழைய பெயரே பரவலாக நிலைத்துவிட்டது.

அடுப்பங்கரைக் கிழவிகளும் ஒரு பள்ளி ஆசிரியரும்

பழமொழிக்கு ஸ்பானியத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ‘புரோவேர்பியோ’ ஏட்டு மணம் உள்ளது. வேதநூலிலோ பண்டைய ஞானிகளிடமோ வந்த நீதிமொழி. ‘ரெஃப்ரான்’ தெருவில் பிறந்தது. பிரெஞ்சு மொழியில் பாட்டின் பல்லவியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது.

சாந்தில்யானா பிரபு இஞ்ஞிகோ லோப்பேஸ் தெ மெந்தோசாவின் (1398–1458) பெயரில் இரண்டு வகைக்கும் ஒவ்வொரு நூல் உண்டு. 1437இல் இளவரசர் என்ரிக்கேயின் கல்விக்காக அவர் செய்யுளில் எழுதியது ‘புரோவேர்பியோஸ்’. மற்றது, ‘கிழவிகள் அடுப்புக்குப் பின்னால் சொல்லும் ரெஃப்ரான்கள்’ என்ற தலைப்புடன் 1508இல் செவில் நகரில் அச்சான தொகுப்பு. 700க்கும் மேற்பட்ட பழமொழிகளை அகரவரிசையில் அடுக்கிய நூல் அது. அதைத் தொகுத்தவர் அவர்தானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொகுத்தவர் யாராக இருந்தாலும், நூலின் தலைப்பு அறிவுக்கு உரியவர்களை ஒளிவில்லாமல் சொல்லிவிடுகிறது: குளிர்காய அடுப்போரம் உட்கார்ந்திருக்கும் கிழவிகள்.

முதலில் ஆங்கிலத்துக்குப் போனது எது? இளவரசருக்கு எழுதியதுதான். பார்னபி கூஜ் என்ற கவிஞர் 1579இல் அதை மொழிபெயர்த்தார். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘புராவெர்ப்ஸ்’. கிழவிகளின் ரெஃப்ரான்களைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தமிழில் ஒன்றை நீதிநூல் என்றும் மற்றதைப் பழமொழித் திரட்டு என்றும் சிரமமில்லாமல் பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் அரண்மனையும் அடுப்பங்கரையும் ஒரே பெயரில் கரைந்துபோயின.

1568இல் செவிலில் இன்னொரு நூல் வந்தது: ‘ஃபிலோசோஃபியா வுல்கார்’. எழுதியவர் குவான் தெ மால் லாரா. செவிலில் இலக்கணப் பள்ளி நடத்தியவர். ஆசிரியத் தொழில் செய்தவன் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பற்று உண்டு. ஆயிரம் ரெஃப்ரான்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் உரை எழுதினார். கிரேக்கத்தில் தத்துவ ஞானிகள் தோன்றுவதற்கு முன்பே ஸ்பெயினில் ரெஃப்ரான்கள் வேரூன்றிவிட்டன என்பது அவர் வாதம். வரலாறாக இதை ஏற்பது கடினம். ஆனால் கிரேக்கமும் லத்தீனும் படித்த ஒருவர், எழுத்தறியாத மக்களின் சொற்களைத் ‘தத்துவம்’ என்ற பெயரால் அழைத்தது அந்தக் காலத்தில் பெரிய துணிவு.

இந்தத் தலைப்பை இன்று ஆங்கிலத்தில் நேராகப் பெயர்த்தால் ‘வல்கர் ஃபிலாசஃபி’ ஆகும். படிப்பவர் ஆபாசமோ அநாகரிகமோ என்று நினைப்பார். பொதுமக்களுக்கு உரியது என்பதே அச்சொல்லின் பழைய பொருள். 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் அதுதான் பொருள். 1646இல் தாமஸ் பிரவுன் மக்களிடையே வழங்கிய தவறான நம்பிக்கைகளைப் பற்றி எழுதிய நூல் ‘வல்கர் எரர்ஸ்’ என்றே பெயர்பெற்றது. ஸ்பெயினில் மக்களின் தத்துவம். இங்கிலாந்தில் மக்களின் பிழைகள். அடைமொழி ஒன்றுதான், ஒட்டிய பெயர்ச்சொல் வேறு.

முட்டை பொரித்த இடத்தில் புட்டிங்

செர்வான்டிஸின் ‘தோன் கிஹோத்தே’ 1605இலும் 1615இலும் இரண்டு பாகங்களாக வந்தது. ஆங்கில வழியாக நமக்கு டான் குவிக்சாட் என்று அறிமுகமான நூல் இதுதான். இதில் வரும் சாஞ்சோ பான்சா எழுதப் படிக்கத் தெரியாதவன். வாய் திறந்தால் ரெஃப்ரான் கொட்டும். அவனுடைய எசமானர் ஏட்டறிவில் ஊறியவர். இவனோ கேள்வியறிவில் வளர்ந்தவன். இருவரின் உரையாடலே இரண்டு வகை சபேர்களின் உரையாடல். ஆகவே சாஞ்சோவின் பழமொழிகளை எப்படிப் பெயர்ப்பது என்பது வெறும் அலங்காரப் பிரச்சினை ஆகாது.

முதல் பாகத்தை 1612இல் ஆங்கிலமாக்கியவர் தாமஸ் ஷெல்டன். இரண்டாம் பாகத்தின் மொழிபெயர்ப்பு 1620இல் வந்தது. ஷெல்டன் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் போனவர். இரண்டாம் பாகத்தில் வாணலி கொப்பரையைப் பார்த்து ‘கறுப்பி, தள்ளிப் போ’ என்று சொல்வதாக ஒரு பழமொழி வருகிறது. ஆங்கிலத்தில் பானை கெண்டியைக் கறுப்பு என்று பழிக்கும் வழக்குத்தொடரின் மூத்த வடிவங்களில் ஒன்று இந்த மொழிபெயர்ப்பில்தான் காணப்படுகிறது. நேராகப் பெயர்த்ததால் ஆங்கிலத்துக்கு ஒரு வரவு.

1700ஆம் ஆண்டு முதல் வெளிவந்த மொழிபெயர்ப்பு பீட்டர் மொட்டோவுடையது. அவர் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர். தம்மோடு வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்தார். அவருடைய வழி வேறு. முதல் பாகத்தின் 37ஆம் அதிகாரத்தில் ஓர் இடம்: தோன் கிஹோத்தே தூக்கக் கலக்கத்தில் சத்திரத்துத் திராட்சை மதுத் தோற்பைகளை வாளால் கிழித்துவிட்டு, அரக்கனின் தலையை வெட்டியதாக நம்பிக்கொண்டிருக்கிறார். வெட்டியது அரக்கனை அல்ல, தோற்பையைத்தான் என்று சாஞ்சோ சொல்லிப் பார்க்கிறான். ‘முட்டை பொரிக்கும்போது தெரியும்’ என்று அவன் முடிக்கிறான். சத்திரக்காரர் நட்டக் கணக்கைக் கொண்டுவந்து நீட்டும்போது உண்மை தெரியும் என்பது கருத்து.

இந்தத் தொடருக்குப் பின்னால் ஒரு கதை வழங்குகிறது. ஒருவன் ஒரு வீட்டில் வாணலியைத் திருடி மறைத்துக்கொண்டு போகிறான். என்ன கொண்டுபோகிறாய் என்று வீட்டுக்காரி கேட்கிறாள். ‘முட்டை பொரிக்கும்போது தெரியும்’ என்கிறான். சமைக்கப் போகும்போதுதானே வாணலி இல்லாதது தெரியும்!

மொட்டோ இந்த இடத்தில், புட்டிங்கின் தரம் தின்று பார்த்தால்தான் தெரியும் என்று ஏற்கெனவே ஆங்கிலத்தில் வழங்கிய பழமொழியைப் போட்டுவிட்டார். ஓட்டம் தடைப்படவில்லை. ஆங்கில வாசகர் சிரித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவார். ஆனால் திருடனும் வீட்டுக்காரியும் காணாமல் போனார்கள். ஆங்கிலப் பழமொழி சோதனையைப் பற்றியது. ஸ்பானியத் தொடர் இழப்பைப் பற்றியது. மதுவை இழந்த சத்திரக்காரரின் நிலைக்கு எது பொருந்தும் என்பதை வாசகரே முடிவு செய்யலாம். இரண்டாம் பாகத்தில், மொழிபெயர்ப்பு என்பது திரைச்சீலையின் பின்புறத்தைப் பார்ப்பது போன்றது, உருவங்கள் தெரிந்தாலும் நூல்முடிச்சுகள் மறைக்கும் என்று செர்வான்டிஸ் தம் நாயகனைக் கொண்டே பேசவைத்திருக்கிறார். மொட்டோ செய்தது பின்புறத்தைக் காட்டாமல் வேறொரு துணியை மேலே போர்த்தியது.

எல்லாப் பழமொழிக்கும் இந்த இக்கட்டு இல்லை. சாத்தானுக்கு அதிகம் தெரிவது அவன் சாத்தான் என்பதால் அல்ல, கிழவன் என்பதால் என்று ஒரு ரெஃப்ரான் உண்டு. அதை எந்த மொழியிலும் அப்படியே வைக்கலாம். யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. சொல்லும் முறை மட்டும் ஸ்பானியத்தில் இன்னும் குறுக்கம்.

செவிலுக்குப் போன ஆங்கிலச் சொல்

இதுவரை ஸ்பானியச் சொற்கள் வடக்கே போனதைப் பார்த்தோம். 19ஆம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலச் சொல் தெற்கே வந்தது. 1846 ஆகஸ்ட் 22 அன்று லண்டனின் ‘அத்தனேயம்’ இதழில் வில்லியம் தாம்ஸ் என்பவர் புனைபெயரில் ஒரு கடிதம் எழுதினார். அதுவரை ‘பாப்புலர் ஆன்டிக்விட்டீஸ்’, அதாவது மக்களின் பழம்பொருட்கள் என்று அழைக்கப்பட்டவற்றுக்கு ‘ஃபோக்-லோர்’ என்ற சாக்சன் கூட்டுச்சொல்லை வழங்கலாம் என்றார். சொல் ஒட்டிக்கொண்டது. 1878இல் லண்டனில் ஃபோக்-லோர் கழகம் தோன்றியது.

‘லோர்’ என்பதன் பழைய ஆங்கில மூலம் கற்பித்தலைக் குறித்தது; கற்றல் என்ற பொருளுடைய ‘லேர்ன்’ அதற்கு உறவு. ஆனால் தாம்ஸின் காலத்து ஆங்கில அறிஞர்கள் அப்படிப் பார்க்கவில்லை. எட்வர்ட் டைலர் 1871இல் எழுதிய ‘ப்ரிமிட்டிவ் கல்ச்சர்’ நூலில் நாட்டுப்புற வழக்கங்கள் பலவற்றைப் பழைய மனித நிலையின் எச்சங்கள் என்று விளக்கினார். எச்சம் என்றால் உயிரற்றது. ஆராயலாம், கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

தாம்ஸ் கடிதம் எழுதிய அதே 1846இல் ஸ்பெயினில் பிறந்தவர் அந்தோனியோ மச்சாதோ இ ஆல்வாரெஸ். கவிஞர்கள் அந்தோனியோ மச்சாதோ, மனுவெல் மச்சாதோ இருவருக்கும் தந்தை. அவருடைய தந்தை செவிலில் இயற்கை அறிவியல் பேராசிரியர். டார்வினின் கருத்துகளை அங்கே அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர். மகன் வைத்துக்கொண்ட புனைபெயர் ‘தெமோஃபிலோ’, மக்களின் நண்பன். 1881இல் அவர் ஃபிளமெங்கோ பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில் ‘எல் ஃபோக்-லோர் எஸ்பஞ்ஞோல்’ என்ற ஸ்பானியக் கழகத்துக்கான அடிப்படை விதிகளையும் வெளியிட்டார்.

கழகத்தின் பெயரில் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டார். அதற்கு விளக்கமாகக் கீழே எழுதியதுதான் முக்கியம்: மக்களின் சபேரையும் மரபுகளையும் திரட்டி ஆராயும் கழகம். முதல் விதியில், மக்களின் அறிவைத் திரட்டுவது நோக்கம் என்று சொல்லி, அறிவின் துறைகளை வரிசையாகக் குறிப்பிட்டார்: மருத்துவம், உடல்நலம், தாவரவியல், அரசியல், ஒழுக்கம், வேளாண்மை. பழமொழி, பாட்டு, விடுகதை, கதை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான் வருகின்றன. மூலிகை தெரிந்தவளுக்குத் தாவரவியல் தெரியும் என்று ஒரு விஞ்ஞானியின் மகன் அச்சில் சொன்னார். லண்டனில் ‘லோர்’ என்று கிளம்பிய சொல், செவிலில் ‘சபேர்’ என்று இறங்கியபோது உயரம் கூடிவிட்டது.

அயல்சொல் எதற்கு என்று எதிர்ப்பும் இருந்தது. கிரேக்க வேரிலிருந்து ‘தெமோசோஃபியா’, மக்கள் ஞானம், போன்ற மாற்றுகள் முன்வைக்கப்பட்டன. அவை நிலைக்கவில்லை. (நாட்டுப்புறவியல், நாட்டார் வழக்காற்றியல் என்று நம்மிடையேயும் இரு பெயர் வழங்குவது நினைவுக்கு வரும்.) தெமோஃபிலோ டைலரின் மானிடவியல் நூலை ஸ்பானியத்தில் மொழிபெயர்த்தவரும்கூட, 1887இல் அது வந்தது. எச்சம் என்ற கொள்கையை அறியாமல் அவர் அறிவு என்று சொல்லவில்லை. கழகத்தின் சார்பில் 11 தொகுதிகள் வந்தன. பிறகு ஆதரவு வற்றியது. பிழைப்புக்காகப் புவேர்த்தோ ரிக்கோ தீவுக்குப் போனவர் நோயாளியாகத் திரும்பி 1893இல் செவிலில் இறந்தார்.

அவருடைய விளக்கத்தை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் வேடிக்கை. ‘சபேர் போப்புலார்’ என்பதைப் ‘பாப்புலர் நாலெட்ஜ்’ என்று எழுதினால், எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்ற பொருள் வந்துவிடும். ஸ்பானிய ‘போப்புலார்’ மக்களுக்கு உரியது. ஆங்கிலப் ‘பாப்புலர்’ பலரால் விரும்பப்படுவது. ஆகவே மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ‘ஃபோக்லோர்’ என்றோ ‘ஃபோக் விஸ்டம்’ என்றோ எழுதிவிடுகிறார்கள். தாவரவியலும் வேளாண்மையும் கழன்றுபோய், மறுபடியும் எச்சமும் பாட்டி சொன்ன வார்த்தையும் ஆகிவிடுகின்றன. ‘புவேப்லோ’வுக்கும் இதே கதி: அது மக்களையும் குறிக்கும், ஊரையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ஒன்றைச் சொன்னால் மற்றது போய்விடும்.

பெயர்க்காமல் விட்டவை

சில சொற்களை ஆங்கிலம் பெயர்க்காமலே எடுத்துக்கொண்டது. ‘துவேந்தே’ என்றால் வீட்டில் குடியிருக்கும் குறும்புப் பேய். வீட்டு உரிமையாளர் என்ற பொருளுள்ள தொடரிலிருந்து சுருங்கிய சொல். கால்தெரோனின் ‘லா தாமா துவேந்தே’ நாடகத்தை ‘தி ஃபான்டம் லேடி’ என்று ஆங்கிலமாக்கியபோது குறும்பு போய் ஆவி மட்டும் மிஞ்சியது. 1933இல் ஃபெதெரிகோ கார்சியா லோர்கா புவனோஸ் ஐரிஸில் ஆற்றிய உரையில், பாடகரின் உள்ளிருந்து எழும் இருண்ட ஆற்றலுக்கு அதே சொல்லை வழங்கினார். அதற்குப் பின் ஆங்கிலத்தில் யாரும் மொழிபெயர்க்க முயலவில்லை. ‘துவேந்தே’ ஆங்கில அகராதிகளிலும் ஏறிவிட்டது.

திடுக்கிடலால் ஆன்மா உடலை விட்டு விலகி நோய் வருவதாகச் சொல்லும் ‘சூஸ்தோ’ இன்னொன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடு, கண்ணேறைக் குறிக்கும் ‘மால் தெ ஓகோ’வோடு சேர்த்து இதையும் ஸ்பானியப் பெயரிலேயே பட்டியலிட்டது. மூலச்சொல்லை வைத்துக்கொள்வது மரியாதையும் ஆகலாம். அது அவர்கள் விவகாரம் என்று ஒதுக்குவதும் ஆகலாம். இந்தப் பட்டியலில் இரண்டும் கலந்திருக்கின்றன.

லோஸ் ஓல்மோஸின் ரெசேத்தா

தெமோஃபிலோ கழக விதிகளை வெளியிட்ட அதே 1881இல், மெக்சிகோவிலிருந்து பேத்ரோ ஹராமில்யோ என்பவர் தெற்கு டெக்சஸின் லோஸ் ஓல்மோஸுக்கு வந்து குடியேறினார். மருத்துவர்கள் அரிதான பகுதி அது. தோன் பெத்ரீதோ என்று மக்கள் அன்போடு அழைத்த அவர் 1907இல் இறக்கும்வரை வைத்தியம் பார்த்தார். கட்டணம் கேட்கவில்லை, விருப்பப்பட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். வந்தவர்களுக்கு உணவும் கொடுத்தார். தண்ணீரை இத்தனை நாள் இந்த நேரத்தில் குடி, இப்படிக் குளி என்பது போன்ற எளிய முறைகளே அவருடைய வைத்தியம்.

அவர் சொன்னவற்றுக்கு மக்கள் வழங்கிய சொல் ‘ரெசேத்தா’. மருத்துவர் எழுதும் சீட்டும் ரெசேத்தா. சமையல் குறிப்பும் ரெசேத்தா. ஆங்கிலத்தில் முன்னது ‘ப்ரிஸ்கிரிப்ஷன்’, பின்னது ‘ரெசிபி’. தோன் பெத்ரீதோவின் ரெசேத்தாவை எதில் சேர்ப்பது? முதல் சொல் அவரைப் பட்டம் பெற்ற மருத்துவரின் நாற்காலியில் உட்கார வைக்கும். இரண்டாவது அடுக்களைக்கு அனுப்பும். ‘குராந்தேரோ’ என்ற தொழிற்பெயரும் அப்படியே. குணப்படுத்துபவர் என்பதுதான் நேர்ப்பொருள். ஆங்கில எழுத்தாளர்கள் தம் மனநிலைக்கு ஏற்ப ‘ஹீலர்’ என்றும், ‘விட்ச் டாக்டர்’ என்றும், ‘க்வாக்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். கடைசிச் சொல்லுக்குப் போலி வைத்தியர் என்று பொருள்.

டெக்சஸைச் சேர்ந்த ரூத் டாட்சன், தோன் பெத்ரீதோவால் குணமடைந்ததாகச் சொன்னவர்களின் கதைகளைத் திரட்டினார். 1934இல் அதை முதலில் ஸ்பானியத்தில் வெளியிட்டார். கதை சொன்னவர்கள் படிக்கட்டும் என்பதற்கு அது வழிசெய்தது. தலைப்பில் ‘குராந்தேரோ’ என்றே இருந்தது. 1951இல் டெக்சஸ் நாட்டார் வழக்காற்றுக் கழகம் அதன் ஆங்கில வடிவத்தை வேறு சில கட்டுரைகளோடு சேர்த்து வெளியிட்டது. அந்தத் தொகுப்பின் தலைப்பில் அவர் ‘லோஸ் ஓல்மோஸின் ஹீலர்’ ஆனார். உடன் இருந்த மற்றவை ‘மெக்சிகன் லோர்’ என்ற பெயரில் வந்தன. ஃபால்ஃபுரியாஸ் ஊருக்கு அருகில் இருக்கும் அவருடைய கல்லறைக்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். வேண்டுதல் சீட்டுகளைப் பெரும்பாலும் ஸ்பானியத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள்.